இடைவெளிக்குக் காரணம் எழுதுக

1

போன வாரம் வண்ணாரப்பேட்டையிலிருந்து முன்பின் தெரியாத ஒரு பெண் எனக்கு மின்னஞ்சல் அனுப்பியிருந்தாள். பெயர் ரேவதி. ஜவுளி மொத்தக் கடை ஒன்றில் கணக்கு எழுதுகிறாள். பி.ஏ. பொருளாதாரம் முடித்து ஆறு வருஷம் ஆகிறதாம். வெளிநாட்டில் உதவித்தொகையோடு எம்.ஏ. படிக்க விண்ணப்பம் போட்டுக்கொண்டிருக்கிறாள். யாரோ என் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள். “அக்கா, படிப்புக்குப் பின் வந்த இடைவெளிக்குக் காரணம் எழுதுக என்று ஒரு கட்டம் இருக்கிறது. நீங்கள் அதில் என்ன எழுதினீர்கள்?” என்று கேட்டிருந்தாள்.

அலுவலகம் போகும் பேருந்திலேயே பதில் எழுதினேன். நான் இருப்பது கனடாவின் நடுவில், கோதுமை வயல்கள் சூழ்ந்த ஒரு நகரம். மாகாண அரசின் போக்குவரத்துத் துறையில் பொருளாதார ஆய்வாளர் வேலை. காலையில் பேருந்து, எட்டு மணி நேரம் அட்டவணைகள், மதியம் டப்பாவில் கொண்டுபோன எலுமிச்சைச் சாதம், சாயங்காலம் அதே பேருந்து. சாளரத்துக்கு வெளியே வருஷத்தில் பாதி நாள் வெள்ளை. சொல்லும்படியாக ஒன்றும் நடப்பதில்லை. அதைக் குறையாகச் சொல்லவில்லை.

ரேவதிக்கு எழுதியது பயன்படும் பதில். கணிதத்தை முதலில் சரிசெய், பரிந்துரைக் கடிதங்களுக்கு இப்போதே அலைய ஆரம்பி, இடைவெளிக்காக மன்னிப்புக் கேட்காதே, அந்த வருஷங்களில் என்ன பார்த்தாய் என்று எழுது. அனுப்பிய பிறகுதான், எனக்கு நடந்ததில் பாதிக்கு மேல் அந்தப் பதிலில் இல்லை என்று தோன்றியது. யாரோ ஒருத்திக்கு மின்னஞ்சலில் எழுதக்கூடிய விஷயமும் இல்லை அது. இங்கே எழுதுகிறேன்.

2

நான் பிறந்தது, படித்தது, கல்யாணம் கட்டியது எல்லாம் ராயபுரம். அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். பி.ஏ. முடித்த கையோடு, துறைமுகத்தில் சரக்கு எடுத்துக்கொடுக்கும் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் வேலைக்குச் சேர்ந்தேன். முதலாளி காதர் பாய். அவருடைய கண்டெய்னர் யார்டு எண்ணூர் பக்கம். ராயபுரம் ஸ்டேஷனில் கும்மிடிப்பூண்டி வண்டி பிடித்துப் போவேன். சேரும்போது ஒரு வருஷம் வேலை பார்த்துவிட்டு எம்.ஏ. படிப்பதாகத்தான் எண்ணம். எட்டு வருஷம் ஓடிவிட்டது. நடுவில் அருளைக் கல்யாணம் செய்துகொண்டேன். அவருக்கு ரயில்வேயில், கொருக்குப்பேட்டை யார்டில் சரக்கு வேகன்களைச் சோதிக்கிற வேலை. பிறகு ஜெஸ்ஸி பிறந்தாள்.

என் வேலையில் பெரும்பகுதி போன் பேசுவது. கண்டெய்னர் ஏற்றிய டிரெய்லர்கள் துறைமுகக் கேட்டுக்குள் நுழைய எண்ணூர் ரோட்டில் வரிசைகட்டி நிற்கும். சில நாள் ஒரு பகல் முழுக்க, சில நாள் மறுநாள் வரை. “எங்க நிக்கிறீங்க?” என்று நான் கேட்பேன். “நேத்து நின்ன எடத்துலதான் மேடம்” என்பார்கள்.

அப்படி ஒரு நாள் செல்வம் என்ற டிரைவர் கோபமாகப் பேசினார். திருவொற்றியூர்க்காரர். பொதுவாக அதிர்ந்து பேசாதவர்.

“மேடம், நான் ஒரு டிரிப்புக்கு இவ்ளோன்னு வாங்குறேன். ரெண்டு நாளா ரோட்ல நிக்கிறேன். நான் நிக்கிறதுக்கு யாரு துட்டு குடுப்பா?”

“யாரும் குடுக்கமாட்டாங்க அண்ணே.”

“அதான் ஏன்னு கேக்கறேன்.”

எனக்குத் தெரியவில்லை. தினம் பார்க்கிற விஷயம். எல்லாரும் நொந்துகொள்வார்கள், ஏன் என்று மட்டும் யாரும் கேட்டதில்லை. நிற்கிற நேரத்துக்கு ஒரு விலை இருக்க வேண்டும் அல்லவா, அது ஏன் எந்தப் பில்லிலும் வரவில்லை? வகுப்பில் இதைப் போல ஏதோ படித்த ஞாபகம். அன்று வீட்டுக்குப் போய் அலமாரி மேலிருந்த கல்லூரிப் புத்தகங்களை இறக்கினேன். தேடியது கிடைக்கவில்லை. ஆனால் புத்தகங்களைத் திரும்ப மேலே வைக்கவில்லை.

பக்கத்து நாடுகள், தூர நாடுகள் என்று விசாரித்ததில், சில பல்கலைக்கழகங்கள் எம்.ஏ. மாணவர்களுக்குக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து, இளநிலை வகுப்புகளுக்கு உதவியாளர் வேலையும் கொடுத்து, அந்தச் சம்பளத்தில் வாழவும் வைக்கும் என்று தெரிந்தது. ஆனால் கணிதம் வேண்டும். நான் படித்த பி.ஏ.வில் இருந்தது பேருக்குக் கணிதம். இணையத்தில் நுண்கணிதமும் புள்ளியியலும் இரண்டு வகுப்புகள் சேர்ந்தேன். வீட்டில் நேரம் இல்லாததால் ரயிலில் படித்தேன்.

காசிமேட்டில் மீன் எடுத்துக்கொண்டு எண்ணூர்ப் பக்கம் விற்கப்போகும் பெண்கள் அதே பெட்டியில் வருவார்கள். அவர்களில் முகத்துவாரக்குப்பத்துக் கன்னியம்மா அக்கா ஒருநாள் என் மடியில் எட்டிப்பார்த்தார்.

“இன்னாமே இது, கோலம் மாரி கீது?”

“கணக்கு அக்கா.”

“எத்தினி வயசு ஒனக்கு?”

“முப்பது.”

“இந்த வயசுல இன்னா பரீச்சை?” என்றவர், பதிலுக்குக் காத்திருக்காமல் பக்கத்தில் இருந்தவளைப் பார்த்து, “கொஞ்சம் நவுரு, அது எழுதிகினு கீது பாரு” என்றார். அதற்குப் பிறகு சாளரத்தோர இடம் எனக்கு என்றாகிவிட்டது. மீன் தண்ணீர் தெறித்த தாள்களில்தான் நான் பகுதி வகையீடு கற்றுக்கொண்டேன்.

3

கணிதத்தைவிடக் கஷ்டம் கடிதங்கள். இரண்டு பேர் பரிந்துரைக்க வேண்டும். கல்லூரியை விட்டு எட்டு வருஷம் ஆனவளை யார் ஞாபகம் வைத்திருப்பார்கள்?

விமலா மேடம் எனக்கு இரண்டு வருஷம் பாடம் எடுத்தவர். போய் நின்றதும் முகம் மலர்ந்து, “நீ த்ரோபால் டீம்ல இருந்தவதானே?” என்றார். இல்லை மேடம் என்றேன். “அப்போ அந்தக் கவிதை வாசிச்சவ?” அதுவும் இல்லை. கடைசியில் அவரே சிரித்துவிட்டார். “எனக்கு ஒன்ன ஞாபகம் இல்லம்மா. ஞாபகம் இருக்கிற மாதிரி எழுதவும் வராது. மார்க் ஷீட்டைக் கொண்டு வா. அதுல இருக்கறத எழுதறேன்.” அப்படியே எழுதினார். நான் எதிர்பார்த்து வந்ததைவிடக் குறைவுதான், ஆனாலும் நிம்மதியாக இருந்தது.

இரண்டாவது காதர் பாய். அவருடைய மேசை முன்னால் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னேன். டீயை உறிஞ்சிக்கொண்டே கேட்டார்.

“அப்போ வேலைய உடப்போற.”

“கெடச்சாதான் பாய்.”

“கெடைக்கறதுக்கு நான்தான் எழுதணும்.”

“ஆமா.”

“நல்லா எழுதினா நீ பூடுவ. மோசமா எழுதினா நான் பொய் சொன்னா மாரி. இன்னா பேஜாரும்மா இது?” என்றார். கோபமா கேலியா என்று அவர் முகத்தில் பிடிபடவில்லை. “சரி, நீயே எழுதிக்கினு வா. கையெழுத்து போட்டுத் தரேன்.”

நம் ஊரில் அதுதான் வழக்கம். பல்கலைக்கழகத்தின் பரிந்துரைப் படிவத்திலோ, விண்ணப்பதாரர் இந்தக் கடிதத்தைப் பார்த்தாரா என்று ஒரு கேள்வி இருந்தது. நான் எழுத முடியாது பாய், நீங்கள்தான் எழுத வேண்டும் என்றேன். “எட்டு வருஷமா என் லெட்டர் எல்லாம் நீதானே எழுதற. எனக்கு எங்க எழுத வரும்?” என்று முணுமுணுத்தார். மூன்று வாரம் பேச்சே இல்லை. நடுவில் பல்கலைக்கழகத்தின் இணையதளம் அவருடைய மின்னஞ்சலை ஏற்க மறுத்தது, நிறுவனத்தின் பெயரில் முகவரி வேண்டும் என்றது. அதற்கு ஒரு வாரம். கடைசித் தேதி நெருங்க நெருங்க, கடிதம் வந்துவிட்டதா என்று தினம் நாலு தடவை இணையதளத்தைத் திறந்து பார்த்தேன்.

ஒருநாள் மதியம் கூப்பிட்டார். “அனுப்பிட்டேன். என் பொண்ண ஒக்கார வெச்சு எழுதினேன். இன்னா எழுதினேன்னு சொல்லக்கூடாதா?”

“நான் பாக்கக்கூடாது. நீங்க சொல்றது உங்க இஷ்டம் பாய்.”

“என்னத் திருத்துவா, எனக்கு அது புடிக்காது, ஆனா முக்காவாசி அவ சொல்றதுதான் சரியா இருக்கும்னு எழுதினேன். போதுமா?”

போதும் பாய் என்றேன். அவர் அடுத்த பில்லை எடுத்துக்கொண்டார்.

4

எதற்காகப் படிக்க விரும்புகிறாய் என்று எழுதித் தரவேண்டிய கட்டுரைதான் முக்கியம் என்பார்கள். என் முதல் வரைவு, சிறுவயது முதலே பொருளாதாரத்தின் மீது எனக்குத் தணியாத ஆர்வம் என்று ஆரம்பித்தது. சிறுவயதில் எனக்கு ஐஸ் குச்சி மீது மட்டும்தான் தணியாத ஆர்வம். அதை அழித்துவிட்டுச் செல்வம் அண்ணன் கேட்டதை எழுதினேன். டிரிப்புக்குக் கூலி பேசியிருப்பதால், வண்டி நிற்கிற நேரம் டிரைவருக்கு மட்டும்தான் நஷ்டம். கேட்டை வேகமாகத் திறக்கக் கூடியவர்கள் யாருக்கும் அதனால் ஒரு காசு குறைவதில்லை. இது எனக்குப் புரிகிறது, ஆனால் இதை அளக்கத் தெரியவில்லை என்று முடித்தேன்.

நான்கு இடங்களுக்கு அனுப்பினேன். பல்கலைக்கழகத்தில் மதிப்பெண் பட்டியலை முத்திரையிட்ட உறையில் வாங்குவதற்கு மட்டும் எத்தனை தடவை போனேன் என்று நினைக்கப் பிடிக்கவில்லை. ஒரு ஜன்னலில் அடுத்த ஜன்னலைக் காட்டினார்கள், அடுத்த ஜன்னலில் சாப்பாட்டு நேரம் என்றார்கள்.

ஒரு பல்கலைக்கழகம் மட்டும் வீடியோவில் பேச வேண்டும் என்றது. அவர்களுக்குக் காலை, எங்களுக்குச் சாயங்காலம். அன்று பார்த்து எங்கள் பங்குக் கோயிலில் திருவிழாக் கொடியேற்றம். வீட்டுக்கு நேரெதிர் கம்பத்தில் ஒலிபெருக்கி. ஜெபமாலை முடிந்து பாட்டு ஆரம்பித்தபோது என் குரல் எனக்கே கேட்கவில்லை. அருள் சட்டையை மாட்டிக்கொண்டு, ஜெஸ்ஸியைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார். சாளரம் வழியாகப் பார்த்தேன். மைக் செட்காரரிடம் கையைக் கூப்பிப் பேசிக்கொண்டிருந்தார். என்ன பேசினார் என்று பிறகு சொன்னார்.

“தோஸ்து, ஒரு அர அவுரு நிறுத்து. வூட்ல பரீச்சை நடந்துகினு கீது.”

“கொழந்தைக்கா?”

“வூட்டுக்காரிக்கு.”

அந்த மனிதர் மாடியை நிமிர்ந்து பார்த்தார். ஒலிபெருக்கி நின்றது. அரை மணி நேரமும் அருள் அந்த செட்டின் பக்கத்திலேயே நின்றார். யாராவது வந்து போட்டுவிடக் கூடாதே என்று.

திரையில் இரண்டு பேராசிரியர்கள். வயதான பெண் ஒருவர், இளைஞர் ஒருவர். அந்த அம்மாள் என் கட்டுரையைக் கையில் வைத்திருந்தார்.

“டிரைவருக்கு மணிக்கணக்கில் கூலி கொடுத்தால் அவர் அவசரப்படுவாரா?”

“அவர் அவசரப்படமாட்டார்” என்றேன். “அவர் முதலாளி அவசரப்படுவார்.”

இளைஞர் ஏதோ குறித்துக்கொண்டார். அந்த அம்மாள் சிரிக்கவில்லை, தலையை மட்டும் ஆட்டினார். பிறகு இடைவெளி பற்றிக் கேட்டார்கள். இத்தனை வருஷம் வெளியே இருந்துவிட்டு ஏன் திரும்புகிறீர்கள் என்று. வெளியே இருந்ததாக நான் நினைக்கவில்லை, கேள்வி கிடைப்பதற்கு எட்டு வருஷம் ஆனது என்றேன். ஒத்திகை பார்த்து வைத்திருந்த பதில் வேறு. இது எங்கிருந்து வந்தது என்று இன்றும் தெரியாது.

5

முதல் பதில் மறுப்பு. இரண்டாவது, இடம் உண்டு, உதவித்தொகை இல்லை என்றது. எங்கள் வீட்டைப் பொறுத்தவரை அதுவும் மறுப்புதான். மூன்றாவது இடத்திலிருந்து இன்றுவரை பதில் இல்லை. வீடியோவில் பேசியவர்கள் காத்திருப்போர் பட்டியலில் வைத்தார்கள்.

அந்த நாட்களில் அருள் இதை ஒரு பொழுதுபோக்காகத்தான் நினைத்தார் என்று எனக்குத் தோன்றும். தடுக்கவில்லை, கேட்கவும் இல்லை. படிக்கும்போது டிவி சத்தத்தைக் குறைப்பார். கரண்ட் போனால் எமர்ஜென்சி லைட்டை என் பக்கம் நகர்த்தி வைப்பார். அவ்வளவு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்விட்டு வந்து மின்னஞ்சலைத் திறந்தேன். காத்திருப்போர் பட்டியலில் வைத்தவர்களிடமிருந்து வந்திருந்தது. கட்டணம் தள்ளுபடி, உதவியாளர் வேலை, இரண்டு வருஷம். ஏற்கிறீர்களா என்று கேட்டிருந்தார்கள். அருள் அடுப்படியில் வஞ்சிரம் பொரித்துக்கொண்டிருந்தார். ஞாயிறு மீன் அவர் பொறுப்பு. போனைக் காட்டினேன். மெதுவாகப் படித்தார். மீன் துண்டைத் திருப்பிப் போட்டார்.

“நெசமாவே போறியா?”

“நான் மட்டும் இல்ல ஜெஸ்ஸிப்பா. மூணு பேரும். உங்களுக்கும் வேலை பாக்க பர்மிட் குடுப்பாங்க.”

“நான் அங்க இன்னா பண்ணுவேன்?”

“ஏதாவது வேலை கெடைக்கும்.”

“எனக்கு வேலை கீது நிம்மி.”

ராயபுரத்தில் ரயில்வே வேலை என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். அந்த வேலையைப் பார்த்துத்தான் என் அப்பா பெண்ணைக் கொடுத்தார். சாயங்காலம் அவர் வண்டியை எடுத்துக்கொண்டு எங்கோ போய்விட்டு வந்து, வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னார்.

“சம்பளமில்லா லீவு எழுதிக் கேட்டா குடுப்பாங்களாம். ரெண்டு வருசம். பாக்கலாம், போ.”

அன்றே ஏற்பு மின்னஞ்சல் அனுப்பினேன். பாய் ஆபீஸ் பழக்கத்தில், மகிழ்ச்சியோடு ஏற்கிறேன், விரைவில் ரிவர்ட் செய்கிறேன் என்று எழுதிவிட்டேன். நம் ஊர் ஆபீஸ்களில் ரிவர்ட் என்றால் பதில் எழுதுவது. அவர்களுக்கோ பழைய நிலைக்குத் திரும்புவது. மறுநாள் துறை அலுவலகத்திலிருந்து ஒரு பெண் மிகவும் மரியாதையாகக் கேட்டிருந்தார்: ஏற்பதாகச் சொல்லிவிட்டு முடிவை மாற்றிக்கொள்ளவும் போவதாக எழுதியிருக்கிறீர்களே, எதை எடுத்துக்கொள்வது? பட்டியலில் அடுத்தவர் காத்திருக்கிறார். இருக்கிற ஆங்கிலத்திலேயே மிகச் சிறிய வாக்கியத்தில் பதில் எழுதினேன். வருகிறேன், மாற்றமில்லை.

6

வந்தோம். படிப்பு கஷ்டம்தான், ஆனால் நான் பயந்த மாதிரி இல்லை. வகுப்பில் என்னைவிடப் பத்து வயது சின்னவர்கள். கணிதத்தில் அவர்கள் வேகம், கேள்வி கேட்பதில் நான் வேகம். உதவியாளராக நான் எடுத்த முதல் வகுப்பில், ‘யாருக்காவது டவுட் இருக்கிறதா’ என்று ஆங்கிலத்தில் கேட்டேன். ஒரு பையன், ‘நீங்கள் சொல்வதை நான் நம்புகிறேன்’ என்றான். இங்கே டவுட் என்றால் அவநம்பிக்கை. அதற்குப் பிறகு ‘கேள்வி’ என்று சொல்லக் கற்றுக்கொண்டேன். என் ஆய்வு, துறைமுகக் கேட்டில் நிற்கும் வண்டிகளைப் பற்றித்தான். அது முடிந்ததும் இந்த வேலை கிடைத்தது.

ஜெஸ்ஸி ஐந்து வயதில் வந்தாள். ஒரு வருஷத்துக்குள் அவளுடைய கனவுகள் ஆங்கிலத்துக்கு மாறிவிட்டன. தூக்கத்தில் அவள் பேசுவதைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். “அம்மா, நான் சளியைப் பிடிச்சுட்டேன்” என்பாள், திருடனைப் பிடித்த மாதிரி. இங்கிருக்கும் தமிழ்ப் பள்ளியில் சனிக்கிழமைகளில் சேர்த்தோம். நல்ல ஆசிரியை, கோயம்புத்தூர்க்காரர். இரண்டாவது வாரமே ஜெஸ்ஸி முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு வந்தாள்.

“கீதுன்னு சொல்லக்கூடாதாம். தப்பாம். அப்பா தப்பா பேசறாரா?”

அருள் சோபாவில் உட்கார்ந்து பூட்ஸ் கழற்றிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

“தப்பு இல்ல. அது ராயபுரத்துத் தமிழ். டீச்சர் சொல்லித் தரது புஸ்தகத் தமிழ். ரெண்டும் கத்துக்கோ” என்றேன்.

“எனக்கு ரெண்டும் வேணாம்” என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டாள். சில மாதங்களில் சனிக்கிழமைகள் ஸ்கேட்டிங் வகுப்பாக மாறின. நாங்கள் சண்டை போடவில்லை. குளிரில் ஒரு குழந்தையோடு எத்தனை சண்டைதான் போடுவது?

7

அருளைப் பற்றி எழுத வேண்டும்.

அவருக்கு முதலில் ரொட்டித் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது, பிறகு நகரப் பேருந்து டெப்போவில் வண்டி கழுவும் வேலை. முணுமுணுக்கவில்லை. சமையல், ஜெஸ்ஸியைப் பள்ளிக்குக் கொண்டுவிடுவது, நான் படிக்கும்போது அவளை வெளியே கூட்டிப்போவது எல்லாம் அவர்தான். அவர் இல்லாமல் எனக்கு அந்தப் பட்டம் இல்லை. இதை உபசாரத்துக்குச் சொல்லவில்லை.

எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் தானிய ரயில்கள் போகும். லெவல் கிராஸிங்கில் நின்று பார்ப்பார். இங்குள்ள ரயில் கம்பெனி ஒன்றில் வேலைக்கு முயன்றார். எழுத்துத் தேர்வில் தேறினார். நேர்முகத்தில் பேச்சு வரவில்லை. “கேக்கறது எல்லாம் புரியுது நிம்மி. பதிலும் தெரியுது. ஆனா நான் பேச ஆரம்பிக்கறதுக்குள்ள அவன் அடுத்த கேள்விக்குப் போய்ட்றான்” என்றார். ராயபுரத்தில் அவரிடம் வாய் கொடுத்து ஜெயித்தவர் யாரும் இல்லை. இங்கே நண்பர்கள் வீட்டு விருந்துகளில்கூட ஓரத்தில் உட்கார்ந்து பேசாமல் சிரித்துக்கொண்டிருப்பார். அந்தச் சிரிப்பு எனக்குப் புதிது.

நான் பட்டம் வாங்கிய அந்தக் கோடையில் கொருக்குப்பேட்டையிலிருந்து கேட்டிருந்தார்கள். விடுப்பு முடிகிறது, வந்து சேருகிறீர்களா, ராஜினாமாவா? எனக்கு மாகாண அரசு வேலை உறுதியாகியிருந்தது. இங்கே நிரந்தரமாகத் தங்கும் உரிமைக்கு மூன்று பேர் பெயரையும் எழுதிவிட்டிருந்தோம்.

ஒருநாள் மாலை ஜெஸ்ஸியை விளையாட்டுத் திடலில் விட்டுவிட்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். வெயில் ஒன்பது மணி வரை இருக்கும் பருவம். அவர் ஆரம்பித்தார்.

“நீ இன்னா சொல்ற?”

“நீங்க சொல்லுங்க.”

“நான் போவணும்னு நெனக்கிறேன். கஷ்டம்னு இல்ல. வண்டி கழுவறதுல இன்னா கஷ்டம்? அங்க காலைல யார்டுக்குப் போனா, இன்னா மாமு, எங்க போன நேத்துன்னு நாலு பேரு கேப்பான். இங்க ரெண்டு வருசமா என்ன ஒருத்தனும் ஒண்ணியும் கேக்கல.”

ஜெஸ்ஸி தூரத்தில் ஊஞ்சலில் நின்றபடி கையை ஆட்டினாள். இரண்டு பேரும் ஆட்டினோம்.

“நீயும் வந்துடுன்னு சொல்லமாட்டேன்” என்றார். “இத்தினி படிச்சிட்டு நீ திரும்ப பாய் ஆபீஸ்ல ஒக்கார முடியாது. எனக்கும் தெரியும்.”

“எனக்கு இருங்கன்னு சொல்ல ஆசை ஜெஸ்ஸிப்பா” என்றேன். “சொன்னா இருந்துடுவீங்க. அதான் சொல்லல.”

அவர் ஊஞ்சலைப் பார்த்தபடியே, “ஆமா, இருந்துடுவேன்” என்றார்.

ஜெஸ்ஸி யாரோடு இருப்பது என்பதைப் பற்றித்தான் உண்மையில் அழுதோம், அதுவும் வேறொரு நாள். பள்ளி, தோழிகள், அவளே வாய்விட்டுச் சொன்னது, எல்லாம் இங்கே என்று ஆனது. அருள் அவளிடம் மறைக்கவில்லை. வேலைக்குப் போறேன், லீவு கிடைக்கும்போதெல்லாம் வருவேன், நீயும் லீவுக்கு வா என்றார். அவள் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவர் மடியில் தூங்கிப்போனாள்.

விமான நிலையத்தில் சொந்தக்காரர்கள் யாரும் இல்லாத வழியனுப்பு. ராயபுரத்திலிருந்து நாங்கள் கிளம்பியபோது இரண்டு வேன் நிறைய ஆட்கள் வந்திருந்தார்கள். இங்கே நானும் ஜெஸ்ஸியும் மட்டும். அவர் உள்ளே போகுமுன், “ஊர்ல யாராவது நீ என்னத் தொரத்திட்டன்னு சொன்னா கண்டுக்காத. நான் பாத்துக்கறேன்” என்றார். சொன்னார்கள்தான். அவர் பார்த்துக்கொண்டார் என்றுதான் நினைக்கிறேன்.

8

இது நடந்து நான்கு வருஷம் ஆகிறது. நாங்கள் பிரியவில்லை. எங்கள் பங்குச் சாமியாருக்கும் இங்குள்ள வரி அலுவலகத்துக்கும் இதை விளக்குவது ஒரே அளவு கஷ்டமாக இருக்கிறது. வரிப் படிவத்தில் திருமணமானவர், பிரிந்து வாழ்பவர் என்று இரண்டு கட்டங்கள். கணவர் எங்கே இருக்கிறார் என்று கேட்ட அலுவலரிடம், சென்னையில் என்றேன். எப்போது வருவார் என்றார். லீவு கிடைக்கும்போது என்றேன். அவர் திரும்பத் திரும்பப் படிவத்தையே பார்த்தார். கடைசியில் திருமணமானவர் என்பதில் குறி போட்டேன்.

அருள் இரண்டு தடவை வந்துபோனார். நாங்கள் ஒரு கிறிஸ்துமஸுக்குப் போய்வந்தோம். ஜெஸ்ஸிக்கு இப்போது பதினொரு வயது. என்னோடு ஆங்கிலம்தான். அப்பாவோடு மட்டும் தமிழ், அதுவும் அவருடைய தமிழ். அவளுக்குத் தமிழ் என்பது ஒரே ஒரு ஆளோடு பேசுகிற மொழி.

அவர் போய்ச் சேர்ந்த வாரத்தில் நடந்த ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். முதல் நாள் டூட்டி முடித்துவிட்டுக் கூப்பிட்டார். எனக்கு அலுவலகம் கிளம்பும் நேரம். பின்னால் வேகன்கள் மோதிக் கோர்த்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. யாரோ அவரைக் கூப்பிட்டார்கள், இவர் ஏதோ சொல்ல நாலைந்து பேர் சிரித்தார்கள். சத்தமாக, வாய்விட்டுத் தானும் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டு இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

“எப்டி கீற நிம்மி?” என்றார்.

வேலையில் சேர்ந்து எனக்கு அது முதல் மாதம். முந்தின நாள்தான் என் பெயர் போட்ட அறிக்கை ஒன்று மேலதிகாரியிடம் போயிருந்தது. “நல்லா இருக்கேன்” என்றேன். அது பொய்யில்லை.

“நானும் நல்லா கீறேன்” என்றார். அதுவும் பொய்யில்லை என்று குரலிலேயே தெரிந்தது.

இருவரும் போனை வைக்கவில்லை. ஜெஸ்ஸி பல் துலக்கிக்கொண்டே வந்து என் கையிலிருந்து அதை வாங்கிக்கொண்டாள்.